கல்யாணசுந்தரி அக்காவின் மீதி எட்டு மாதங்கள்

அறக்கட்டளையின் தலைவர், வழக்கறிஞர் சிவசைலம் ஐயா அவர்களே, அக்காவின் உடன்பிறந்தவர்களே, புளியங்குடியிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் பண்பொழியிலிருந்தும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயிகளே, மகளிர் சங்கத்துச் சகோதரிகளே, எட்டு அணிகளில் வேலை பார்த்து முடித்த பிள்ளைகளே, முதல் வரிசையில் புது நோட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் அணியின் பதினொரு பேரே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. எழுதி எடுத்து வந்திருக்கிறேன். என் பெயர் ஸ்ரீவித்யா. கல்லூரியில் சமூகப்பணித் துறையில் பாடம் நடத்துகிறேன். பத்து வருடங்களாக இந்தத் திட்டத்தை வெளியிலிருந்து மதிப்பிட்டு, மூன்று அறிக்கைகள் எழுதியவள் நான். மூன்றிலும் பாராட்டைவிடக் குறைதான் அதிகம். "அக்காவைப் புகழ்ந்து பேச என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள்?" என்று தலைவர் ஐயாவிடம் கேட்டேன். "பொய் சொல்லாம புகழ ஒரு ஆள் வேணும்லா" என்றார். அந்த நிபந்தனையோடுதான் இங்கே நிற்கிறேன்.

பதினைந்து நாட்களுக்கு முன் நம்மை விட்டுப் போன கல்யாணசுந்தரி அக்கா, வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் ஊர்க்காரர்களுக்கு அவர் கடைசிவரை 'பிடிஓம்மா'தான். பதின்மூன்று வருடங்களுக்கு முன் அவர் தொடங்கிய வேலை என்ன? பட்டம் முடித்த இளைஞர்களைப் பதினெட்டு மாத ஒப்பந்தத்தில் கிராமங்களுக்கு அனுப்புவது. பதினெட்டு மாதம். நல்ல பையன் என்றாலும் பதினெட்டு மாதம். ஊரே கெஞ்சினாலும் பதினெட்டு மாதம். ஒரு நாள் நீட்டிப்புக் கிடையாது!

வருகிற திங்கட்கிழமை ஒன்பதாம் அணிக்குக் குற்றாலத்தில் பயிற்சி தொடங்க வேண்டும். அவர்களுடைய பதினொரு பணி ஆணைகளும் கையெழுத்து இல்லாமல் அக்காவின் மேசையில் கிடந்தன. இந்த இரண்டு வாரமாக எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: திட்டம் நடக்குமா, நின்றுவிடுமா? அதற்கு நான் கடைசியில் வருகிறேன். அதற்குமுன் அக்காவைப் பற்றிக் கொஞ்சம்.

நேர்முகத் தேர்வில் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எப்போ கிளம்புவ?" என்பது. உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை, அதற்குள் கிளம்புவதைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பாதிப் பேர் பயந்துபோய், "வாழ்நாள் முழுக்கச் சேவை செய்வேன் மேடம்" என்பார்கள். அவர்கள் பெயரை அக்கா அங்கேயே அடித்துவிடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வாழ்நாள் முழுக்கன்னு சொல்லுதவன் ஆறு மாசத்துல ஓடிருவான். பதினெட்டு மாசம்னு சொல்லுதவன் பதினெட்டு மாசம் இருப்பான்" என்றார். மூன்றாம் அணியின் அனுசியா இங்கே இருக்கிறார். சிவில் இன்ஜினியரிங் படித்தவர். அவர் சொன்ன பதில், "பத்தொன்பதாவது மாசம் எனக்குக் கல்யாணம் மேடம், மண்டபம் பேசியாச்சு." அன்று முதலில் தேர்வானவர் அவர்தான்! வாசுதேவநல்லூர்ப் பக்கம் மூன்று ஊர்களில் குடிநீர்க் குழாய் வரைபடத்தை ஊர்க்காரர்களை வைத்தே வரைய வைத்துவிட்டு, சொன்ன மாதத்தில் கல்யாணமும் செய்துகொண்டார்.

பயிற்சியைக் குற்றாலத்தில் வைப்பதிலும் அக்காவின் கணக்கு இருந்தது. சீசன் இல்லாத பங்குனியில்தான் வைப்பார். "அருவில தண்ணி விழுந்துச்சுன்னா ஒரு பயலும் கிளாசுல உக்கார மாட்டான்" என்பார். வறண்ட பாறைக்கு எதிரே, காலியாகக் கிடக்கும் விடுதியில் பத்து நாள் வகுப்பு. சீசனில் வரலாமே என்று கேட்ட அணிகளுக்கெல்லாம் ஒரே பதில்: "பதினெட்டு மாசம் முடிச்சுட்டு வாங்க, அருவில தேச்சுக் குளிக்க நானே எண்ணெ வாங்கித் தாரேன்." வாங்கியும் தந்தார்.

இப்போது ஒரு தவறைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரங்கல் கூட்டங்களில் இறந்தவர்கள் தவறே செய்யாதவர்களாகிவிடுகிறார்கள். அக்காவுக்கு அந்த அவமரியாதையைச் செய்ய எனக்கு மனமில்லை.

இரண்டாம் அணியில் புவனேஷ் என்ற வேளாண்மைப் பட்டதாரி, புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை விவசாயிகள் சங்கத்துக்கு அனுப்பப்பட்டார். கமிஷன் கடையில் சொல்லும் விலையை அப்படியே நம்பாமல், வெளியூர்ச் சந்தை வியாபாரிகளிடம் காலையிலேயே போனில் விலை கேட்டுவிட்டுப் பழத்தை இறக்குவது என்ற வழக்கத்தை அவர்தான் உண்டாக்கினார். சங்கம் நன்றாக நடந்தது. பதினெட்டாவது மாதம் வந்தது. ஒரு லோடு ஆட்டோ நிறைய ஆட்கள் தென்காசி அலுவலகத்துக்கு வந்து இறங்கினார்கள். சங்கத் தலைவி மாரித்தாய்தான் முன்னால் நின்றார்.

"பிடிஓம்மா, ஆளத் தூக்கிட்டுப் போறியளே, நாயமா? இவன் போயிட்டா எங்க சங்கம் படுத்துரும்."

"ஏட்டி மாரித்தாய், இவன் போயி சங்கம் படுத்துட்டுன்னா, இத்தன நாளா அங்கன என்னத்தக் கிழிச்சான்? இவன அனுப்புனதே திரும்பிப் போறதுக்குத்தான்."

"நல்லா பேசுதிய. ஒங்க பேச்சக் கேட்டு எலுமிச்சங்கா வெல ஏறுமாக்கும்?"

அக்கா அசையவில்லை. புவனேஷ் போனார். சங்கம் படுத்துவிட்டது.

ஏன்? வியாபாரிகளின் எண்கள் எல்லாம் புவனேஷின் போனில் இருந்தன. அதை ஒரு வாரத்தில் வாங்கிவிட்டார்கள். ஆனால் அந்த வியாபாரிகளுக்குப் புவனேஷின் குரல் மட்டும்தான் தெரியும். வேறு யார் கூப்பிட்டாலும், "புவனேஷ் சார் இல்லையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். பதினெட்டு மாதத்தில் ஒருமுறைகூட அவர் போனை இன்னொருவர் கையில் கொடுத்துப் பேசச் சொன்னதில்லை. நல்ல பையன், எல்லாவற்றையும் தானே செய்துவிட்டார். இரண்டு மாதம் சங்கம் கூடவில்லை.

நான் முதல் அறிக்கையில் எழுதினேன்: "இந்தத் திட்டத்தில் கிளம்பும் தேதி இருக்கிறது. கிளம்புவதற்கான வேலை எதுவும் இல்லை."

அறிக்கையை மறைத்து வைப்பார் என்று எதிர்பார்த்தேன். நான் பார்த்த நிறுவனங்கள் எல்லாம் அதைத்தான் செய்தன. அக்கா என்ன செய்தார்? புவனேஷையும் வரவழைத்து, புளியங்குடிச் சங்கத்தையும் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தார்! புவனேஷ் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "தலையத் தூக்குலே. தப்பு ஒம்மேல இல்ல. போற தேதியக் குறிச்ச நான், எப்படிப் போகணும்னு சொல்லிக் குடுக்கல" என்றார் அக்கா.

அன்றுதான் பிறந்தது பேனா கொடுக்கும் நாள். பதினாறாவது மாதத்தின் முதல் தேதி, ஊர்க்கூட்டத்தில், பட்டதாரி தன் நோட்டையும் பேனாவையும் ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். கடைசி மூன்று மாதம் வெறுங்கையோடு வந்து உட்கார வேண்டும். கேட்டால் மட்டும் பேசலாம். போனைக் காதில் வைப்பது ஊர்க்காரர். பக்கத்தில் இருப்பது மட்டும்தான் பிள்ளையின் வேலை. அந்த மூன்று மாதமும் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்துச் சங்கத்துப் பெண்கள் செய்யும் கேலி கொஞ்சமா? "என்ன சார், கை அரிக்குதோ?" என்று கேட்காத ஊர் உண்டா?

புளியங்குடிக்கும் புவனேஷைத் திருப்பி அனுப்பி, விட்டுப்போன அந்த மூன்று மாதத்தை முடிக்க வைத்தார். இன்றைக்கு அங்கே நம் ஆள் யாரும் இல்லை. சங்கம் இருக்கிறது! காலையில் மாரித்தாய் கூப்பிட்டால் வியாபாரி போனை எடுக்கிறார்!

இனி, என் மூன்றாவது அறிக்கை. இரண்டு வருடத்துக்கு முன் அதில் இப்படி எழுதினேன்: "இங்கே ஒருவருக்கு மட்டும் ஒப்பந்தம் இல்லை. அவர் கல்யாணசுந்தரி. வியாபாரிகளுக்குப் புவனேஷின் குரல் மட்டும் தெரிந்திருந்ததைப் போல, எல்லா அரசு அலுவலகங்களுக்கும் இவர் குரல் மட்டுமே தெரியும்."

போன் வந்தது. "வித்யா, என்னையப் போகச் சொல்லுதியோ?"

"தேதி குறிங்கன்னு சொல்றேன் அக்கா."

சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. மனம் நொந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்றுக் காலை தலைவர் ஐயா ஒரு தாளைக் காட்டினார். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே ஒப்பந்தப் படிவம். போன வருடம் ஜூன் ஒன்றாம் தேதி, அக்கா தனக்குத் தானே எழுதிக்கொண்டது; அறக்கட்டளைக்காகத் தலைவர் ஐயா கையெழுத்திட்டது. பதினெட்டு மாதம். வரும் நவம்பர் முப்பதோடு முடிகிறது. பேனா கொடுக்கும் நாள், செப்டம்பர் ஒன்று. கீழே அவர் கையெழுத்தில் ஒரு நிபந்தனை: "பேனாவை வாங்குபவர், நம் கூட்டங்களில் ஊர்க்காரர்கள் பக்கம் உட்கார்ந்தவராக இருக்க வேண்டும்." யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஐயாவிடம் கேட்டுக்கொண்டாராம். "இப்பவே தெரிஞ்சா, எல்லாரும் என்னைய வழியனுப்ப ஆரம்பிச்சிருவாக."

அந்த ஒப்பந்தத்தில் பத்தாவது மாதம் இது. மீதி எட்டு மாதம் இருக்கிறது. தன் வாழ்நாளில் எந்த ஒப்பந்தத்தையும் பாதியில் விடச் சம்மதிக்காத மனுஷி, தன்னுடையதை மட்டும் பாதியில் விட்டுப் போய்விட்டார். மாரடைப்பு நீட்டிப்புக் கொடுப்பதில்லை.

அந்த எட்டு மாதத்தை முடிக்க ஒரு ஆள் வேண்டும். முடிக்க மட்டும்! மதிப்பிடுவது சுலபமான வேலை. பத்து வருடம் அதைச் செய்தாகிவிட்டது. கல்லூரியில் விடுப்பு வாங்கிவிட்டேன். இன்று காலை அந்தத் தாளில் அக்காவின் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதையும் போட்டேன். எட்டு மாதம். ஒரு நாள் நீட்டிப்புக் கிடையாது.

ஒன்பதாம் அணிப் பிள்ளைகளே, உங்கள் பதினொரு ஆணைகளும் கையெழுத்தாகிவிட்டன. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணி, குற்றாலம். அருவியில் தண்ணீர் இல்லை; விசாரித்துவிட்டேன்.

உள்ளே நுழையும்போது வாசலில் மாரித்தாய் என்னை நிறுத்தினார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"எலுமிச்சையில நாட்டுக் கன்னுக்கும் ஒட்டுக் கன்னுக்கும் வித்தியாசம் தெரியுமா ஒங்களுக்கு? எட்டு மாசத்துக்கு எதுக்கு வாரிய?"

"திரும்பிப் போறதுக்குத்தான் வரேன்" என்றேன்.

மாரித்தாய் விடவில்லை. "அப்போ பேனாவ யாருகிட்டக் குடுப்பிய?"

நேராக உள்ளே போனேன். தலைவர் ஐயாவிடம் கேட்காமல் சொல்லக் கூடாது. மேடை ஏறும் முன் கேட்டுவிட்டேன், சம்மதம் என்றார்.

மாரித்தாய், நீங்கள் மூன்றாவது வரிசையில் இருப்பது எனக்குத் தெரிகிறது. செப்டம்பர் ஒன்றாம் தேதி உங்களுக்கு வேறு வேலை எதுவும் இருந்தால் தள்ளிவையுங்கள்.