பிள்ளை இல்லாதவருக்கான படுக்கை

என் பெயர் ஊய் கெங் சூன். வயது 47. தந்தை பெயர் ஊய் பூன் தெக். தைப்பிங், பொக்கோ அசாம் புதுக்கிராமத்தில் மனைவியுடன் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். டயர் கடையில் வேலை. விசாரணை அதிகாரி கேட்டதன் பேரில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அப்பாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் அவரைத் திருமதி லாவ் நடத்தும் தனியார் முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். என் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போனது. அதன் பிறகு லாவ் கட்டணத்தை ஏற்றினார். வேறு இல்லங்களில் ஏறி இறங்கினேன். மலிவான இடங்களில் மூத்திர வாடை வாசலிலேயே அடித்தது. வாடை இல்லாத இடங்களில் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அதன் பிறகு லாவ், "அரசாங்க இல்லத்துல காசே கிடையாது தம்பி. ஆனா பிள்ளை இருக்குன்னு தெரிஞ்சா வாசப்படி ஏத்த மாட்டாங்க" என்றார். கட்டிலில் இருந்த அப்பா அதைக் கேட்டு, "அவ்வளவுதானே? எனக்குப் பிள்ளையே இல்லன்னு சொல்லிட்டா போச்சு. நீ பண்ணின சேட்டைக்கு அப்பவே சொல்லியிருக்கணும்" என்றார். நான் சிரித்தேன். பிறகு அதையேதான் செய்தேன்.

இன்று காலை அவருடைய அடையாள அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு, அவரை வண்டியில் ஏற்றி அரசாங்க இல்லத்துக்குக் கொண்டுபோய், பேருந்து நிலையத்தில் தனியாகக் கிடந்தார், யார் என்று தெரியாது என அங்கிருந்த அதிகாரி நோர்லைலாவிடம் சொன்னேன். அப்பாவும் தனக்கு யாரும் இல்லை என்றார். என்னை "சார்" என்று கூப்பிட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சீக்கிரம் முடிந்தால் மதியம் கடைக்குத் திரும்பலாம் என்று மட்டும் நினைத்தேன்.

அதிகாரி நம்பிவிட்டார். அப்பாவைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி, என்னையும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அங்கே வேலை செய்யும் கியோக் சூ என்ற பெண், எங்களைப் போலவே ஹொக்கியன் பேசும் சீனர், இரண்டு தட்டில் சோறும் பொரித்த மீனும் வைத்தார். எங்கள் ஆட்களில் பெரியவரை உறவுமுறை சொல்லிச் சாப்பிடக் கூப்பிடாமல் சின்னவன் கரண்டியைத் தொடமாட்டான். கூப்பிடும்வரை அப்பாவும் தொட்டதில்லை. அவர் தட்டைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"பசிக்கலையா பெரியவரே?" என்று கியோக் சூ கேட்டார். நான் யோசிக்காமல், "அப்பா, சாப்பிடுங்க" என்றேன்.

அப்பா, "ம், நீயும் சாப்பிடு" என்று கரண்டியை எடுத்தார்.

"ஓகோ, பேருந்து நிலையத்துல கண்டெடுத்த அப்பாவா?" என்றார் கியோக் சூ. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு அதிகாரி கேட்டதற்கு அப்பா, "இவன் யாரோம்மா. வாய் தவறிச் சொல்லிட்டான். நல்ல பையன், விட்டுடுங்க. நான் இங்கேயே இருந்துக்கறேன்" என்றார். சொல்லிக்கொண்டே தன் தட்டில் இருந்த மீனை எடுத்து என் தட்டில் வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதிகாரி தகவல் சொன்னதும் போலீசார் வந்து எங்களை இங்கே அழைத்து வந்தார்கள்.

அப்பா சொல்வதையே நானும் சொன்னால் அவருக்கு அங்கே இடம் கிடைக்கும், என் மேல் வழக்கும் வராது என்று எனக்குத் தெரியும். அவர் வெளியே பெஞ்சில் இருக்கிறார். எத்தனை முறை கேட்டாலும் தனக்கு மகன் இல்லை என்றுதான் சொல்வார். அதை எழுதிக்கொள்ள வேண்டாம். நான் அவர் மகன். விட்டால் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன்.

இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்) ஊய் கெங் சூன்