அது என்றால் எது

— இவங்க யாருன்னு தெரியலையா ஐயா? எங்க அண்ணி. என் கூடப்பிறந்த அண்ணனோட சம்சாரம். குடும்பத்துல எல்லாரும் ‘நடைமேடை அண்ணி’ன்னுதான் கூப்பிடுவோம். ஐஸ் தண்ணியைத் தொட மாட்டாங்க, சத்தம் போட்டுச் சிரிக்க மாட்டாங்க, வீட்டுல உப்பு கேக்கிறதைக்கூட நிறுத்தி நிதானமாக் கேப்பாங்க. இருபத்திரண்டு வருஷமா ரயில் நிலையத்துல மைக்ல பேசுறது இவங்கதான்.

— அதானே பார்த்தேன், எங்கேயோ கேட்ட குரலா இருக்கேன்னு. நமக்கென்ன வந்தது, ஆனாலும் கேக்கிறேன் அம்மா. மூணு வாரத்துக்கு முன்னாடி சாயங்கால வண்டி ரெண்டாவது நடைமேடையில வந்து நிக்க, அஞ்சாவதுன்னு சொன்னதும் நீங்கதானா?

— நான்தான்.

— நானும் ஓடினேன். இந்த வயசுல அந்தப் பாலத்துல ஏறி இறங்கி, திரும்பவும் ஏறினேன்.

— நீங்க இறங்கினீங்க ஐயா. அண்ணி சொன்னதைக் கேட்டு ஓடின என் வீட்டுக்காரர் பாதிப் படியில விழுந்தார். அவர் மேல நாலு பேர். முழங்கால் சில்லு ரெண்டாப் போயி, உள்ளே கம்பி வச்சுக் கட்டியிருக்காங்க. கட்டிலை விட்டு இறங்கணும்னா நான் வேணும்.

— வர்ற போற ஆளுக்கெல்லாம் என்னை இப்படி அறிமுகம் செஞ்சு வைக்கணும்னா செஞ்சுக்கோ. அதுக்கப்புறம் நான் கேட்ட மருந்தைக் கொடு.

— நீங்க உடம்புல ஒட்டுற ஹார்மோன் பேட்ச் இல்லை. ஆறு வாரமா எந்தக் கடையிலயும் இல்லை. மொத்த வியாபாரிகிட்டயே வரலை.

— பேட்ச் இல்லைங்கிறது எனக்குத் தெரியும். கையில தடவுற ஜெல்தான் கேட்டேன். உனக்குப் பின்னால, மூணாவது தட்டுல, நீல மூடியோட நாலு டப்பா நிக்குது.

— நிக்கும். டாக்டர் சீட்டு எங்கே?

— ரெண்டும் ஒரே ஹார்மோன்தானே. ஒண்ணு ஒட்டுறது, ஒண்ணு தடவுறது.

— இந்தா பாருங்க அண்ணி, ஒரே ஹார்மோன்தான். அதுக்காக இந்தப் பேட்சுக்குப் பதிலா ஜெல் டப்பாவை இத்தனை அழுத்து அழுத்தணும்னு நானே கணக்குப் போட்டுக் கொடுக்க முடியாது. வேற கம்பெனி பேட்ச், ஜெல், ஸ்ப்ரே, மாத்திரைன்னு வழி நாலு இருக்கு. ஹார்மோனே வேணாம்னா அதுக்கும் தனியா மருந்து இருக்கு. யாருக்கு எதுன்னு டாக்டர்தான் சொல்லணும். உங்களுக்குக் கால் நரம்புல ஒரு தடவை ரத்தம் கட்டியிருக்கு. வாயில போடுற மாத்திரையை நான் தூக்கிக் கொடுத்து, மறுபடி கட்டினா யார் பதில் சொல்றது?

— நமக்கென்ன வந்தது, இருந்தாலும் எனக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து மட்டும்தான் வேணும். அது இருக்குதா?

— இருக்கு ஐயா, எடுத்துத் தர்றேன். அண்ணி, நீங்க நிஜமா எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. நாளைக்கு அந்த அறிவிப்பு பத்தி உங்க மேல விசாரணை. ‘மருந்து கிடைக்கலை, தூக்கமில்லை, தலை சுத்திச்சு, அதனால ரெண்டு அஞ்சாப் போச்சு’ன்னு சொல்லணும். அதுக்கு மருந்துக்கடைக்காரி வாயாலேயே ‘இல்லை’ன்னு ஒரு வார்த்தை வாங்கிட்டுப் போகணும்.

— நான் அப்படிச் சொன்னேனா?

— சொல்லுவீங்க. மைக்கை விட்டுக் கொடுக்கிற ஆளா நீங்க? அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தப்ப நான்தான் ரெண்டு நாள் பார்த்தேன். உங்களுக்குப் பணி நேரம்.

— எனக்குப் பதில் பேச வேற ஆள் இல்லாத நாள் அது.

— எப்பவும் வேற ஆள் இல்லாத நாள்தான். ஐயா, இந்தாங்க. காலையில ஒண்ணு, படுக்கும்போது ஒண்ணு.

— எந்தக் கண்ணுக்கு?

— வலது கண்ணுக்கு மட்டும். சீட்டுல போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க.

— கண்ணு தெரியாமத்தானே சொட்டு வாங்குறேன், எங்கேயிருந்து படிக்கிறது? சரி, நான் வர்றேன். அம்மா, நமக்கென்ன வந்தது, நீங்க வேர்த்துக் கொட்டுறீங்க. மின்விசிறிக்குக் கீழே போய் நில்லுங்க. என் சம்சாரமும் அந்த வயசுல பனிக்காலத்துல ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னா. நான் சண்டை போட்டு மூடுவேன். இப்போ நினைச்சா வெக்கமா இருக்கு.

— போயிட்டாரா?

— போயிட்டார். அந்தக் கைக்குட்டையைக் கண்ணாடி மேல வைக்காதீங்க, ஈரம் படுது.

— அவர் முன்னாடி சொல்ல முடியலை. கவனமாக் கேளு. நாலு நாளா எனக்கு ரத்தம் படுது.

— எங்கேயிருந்து?

— எங்கேயிருந்துன்னு கேட்டா என்ன அர்த்தம்? நின்னு போய் அஞ்சு வருஷம் ஆச்சு. இப்போ மறுபடியும்.

— அதிகமாவா?

— முதல்ல கறை மாதிரி. நேத்திலிருந்து துணி வைக்கிற அளவுக்கு.

— உட்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், பெஞ்ச்ல உட்காருங்க. பேட்ச் ஒட்டாம ஆறு வாரம் ஆச்சே. இப்போ உடம்புல என்ன போட்டுக்கிட்டிருக்கீங்க?

— ஜெல். டிக்கெட் கவுண்டர்ல இருக்கிற அம்மா அவங்க டப்பாவைக் கொடுத்தாங்க. அவங்க கைக்கு ரெண்டு அழுத்து தடவுறாங்க. நானும் அப்படியே மூணு வாரமாத் தடவினேன். நேத்தோட தீர்ந்து போச்சு.

— அந்தக் கவுண்டர் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தாச்சு. அவங்க சீட்டு இங்கேதான் வரும். அவங்களுக்கு ஜெல் மட்டும் போதும். உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கு அண்ணி. உங்களுக்கு ராத்திரி மாத்திரையும் சேர்ந்தாகணும். ஜெல்லோ பேட்சோ மட்டும் போட்டா, கர்ப்பப்பை உள்தோல் கேட்பாரில்லாம வளரும். அதை அடக்கி வைக்கிறதுதான் அந்த மாத்திரை. அதை விடாமப் போட்டீங்கதானே?

— நிறுத்திட்டேன்.

— நிறுத்திட்டீங்களா? யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?

— உன்னைக் கேட்டு.

— என்னையா?

— உன் வீட்டுக்காரர் விழுந்த மறுநாள் காலையில உனக்குப் போன் செஞ்சேன். ‘ராத்திரி மாத்திரை போடுறேன், வேர்ப்பொடி ஒண்ணும் சாப்பிடுறேன், ஒருத்தங்க ஜெல் கொடுத்திருக்காங்க, தடவலாமா’ன்னு கேட்டேன். நீ என்ன சொன்னே?

— அவரை அறுவை அறைக்குத் தள்ளிக்கிட்டுப் போற நேரம் அது. அவரை விழ வச்சவங்க, அவர் எப்படியிருக்கார்னு ஒரு வார்த்தை கேக்காம, ஜெல்லைத் தடவலாமான்னு கேட்டீங்க.

— கேட்டேன். நீ எடுத்தவுடனே ‘என்ன வேணும்’னுதான் கேட்டே. நான் என்ன வேணும்னு சொன்னேன். அது என் தப்பு. ஆனா நீ என்ன பதில் சொன்னே?

— ‘அதை நிறுத்திட்டுத் தடவுங்க’ன்னு சொன்னேன். பொடியைத்தான் சொன்னேன். விளம்பரத்தைப் பார்த்து வாங்கின அந்த வேர்ப்பொடியை. அதுல என்ன கலந்திருக்கோ யாருக்குத் தெரியும், அதை நிறுத்தச் சொன்னேன்.

— ‘அது’ன்னா எது?

— இது ஒரு கேள்வியா? பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

— மாத்திரைன்னும் சொன்னேன், பொடின்னும் சொன்னேன். நீ ‘அதை’ன்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டே. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கலை. படிச்சவள் நிறுத்தச் சொன்னது மருந்தாத்தான் இருக்கும்னு நினைச்சேன். பொடியை இன்னைக்கு வரைக்கும் சாப்பிடுறேன். நான் மைக்ல ‘அது வருது, அங்கே போங்க’ன்னு சொன்னதுண்டா? வண்டி எண், புறப்பட்ட இடம், சேர்ற இடம், நடைமேடை. ஒண்ணு விடாமச் சொல்லணும். அதுவும் ரெண்டு தடவை.

— எல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லித்தான் ரெண்டை அஞ்சாக்கினீங்க.

— ஆமாம். அஞ்சாக்கினேன்.

— ஒத்துக்கிட்டா எல்லாம் சரியாயிடுச்சா?

— ஆகலை. நீ சொன்ன வார்த்தைக்கும் அதே கணக்குதான்.

— இருங்க. டாக்டரம்மாவுக்கு நான் போன் போடுறேன்.

— போடு.

— ... வணக்கம் டாக்டர், மருந்துக்கடையிலிருந்து பேசுறேன். எங்க அண்ணிக்குத்தான். நின்னு அஞ்சு வருஷம் ஆச்சு, நாலு நாளா ரத்தப்போக்கு. மூணு வாரமா ஜெல் தடவியிருக்காங்க, கூடவே மாத்திரை போடலை... ஆமாம் டாக்டர், போடலை... ஏன்னா... அது வந்து... நேர்ல சொல்லுவாங்க டாக்டர். சரி. இன்னைக்கே அனுப்புறேன்.

— என்ன சொன்னாங்க?

— ஜெல் தடவக்கூடாது. பொடியும் கூடாது. ஆறு மணிக்கு வரச் சொன்னாங்க. ஸ்கேன் எடுத்து உள்தோல் எவ்வளவு தடிச்சிருக்குன்னு பார்க்கணும், தேவைப்பட்டாக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும். பெரும்பாலும் பயப்படுற மாதிரி இருக்காதாம். ஆனா பார்க்காமச் சொல்ல மாட்டாங்களாம். அதைப் பார்த்துட்டுத்தான் பேட்சுக்குப் பதில் என்னன்னு முடிவு செய்வாங்க.

— மாத்திரையை ஏன் நிறுத்தினேன்னு கேட்டாங்க. நீ ‘அது வந்து’ன்னு இழுத்தே.

— கேட்டுச்சா?

— கேக்கிறதுதான் என் பிழைப்பு.

— இந்தா பாருங்க அண்ணி. ஒண்ணு சொல்றேன். உங்க மேல நான் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கிடுறேன். நாளைக்கு விசாரணைக்கு வந்து சாட்சி சொல்ல மாட்டேன். நீங்க மைக்லேயே இருங்க. அந்தப் போன் பேச்சை மட்டும் டாக்டரம்மாகிட்ட சொல்லாதீங்க. கடை உரிமம் என் பேர்ல இருக்கு. அவர் இன்னும் நாலு மாசம் எழுந்து நடக்க முடியாது. இதுவும் போயிட்டா வீடு என்ன ஆகும்?

— வாபஸ் வாங்கி ஒண்ணும் ஆகப்போறதில்லை. நாளைக்கு விசாரணையே கிடையாது.

— கிடையாதா? பத்து மணின்னு எனக்குக் கடிதம் வந்திருக்கே.

— இனிமேதான் ரத்துன்னு கடிதம் வரும். நான் முந்தாநாளே எழுதிக் கொடுத்துட்டேன். ‘தவறான நடைமேடையை அறிவித்தவள் நானே. பிழை என்னுடையது. வேறு எவரும் பொறுப்பல்லர்.’ மூணே வரி. திங்கட்கிழமையிலிருந்து எனக்குச் சாமான் அறையில வேலை. மைக்குக்கு வேற ஆள் வந்தாச்சு.

— மருந்து கிடைக்காததை எழுதலையா?

— எழுதலை.

— ஒரு வரி எழுதியிருந்தா விட்டிருப்பாங்களே.

— விட்டிருப்பாங்க. உன் வீட்டுக்காரர் படியில கிடந்ததை நான் மேலே கண்ணாடி அறையிலிருந்து பார்த்தேன். கையில மைக் இருந்தது. ‘ஓடாதீங்க’ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அதுக்கு மருந்தைக் காரணம் சொல்ல மனசும் வரலை.

— அப்போ... இந்த ஜெல்லை எதுக்குக் கேட்டு வந்தீங்க? நான் மைக்குக்குன்னுல்ல நினைச்சேன்.

— ராத்திரி மூணு மணி நேரமாவது தூங்கணும். உங்க அண்ணன் கூடத்துல போய்ப் படுத்து ஒரு மாசம் ஆச்சு. என் போர்வை ஈரம், என் முணுமுணுப்பு, அவருக்குத் தாங்கலை. வேற ஒண்ணுமில்லை.

— அண்ணி, டாக்டரம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?

— நான் எதுவும் சொல்லப் போறதில்லை. நீ ஒரு தாள் எடு. நான் கேட்டது என்ன, நீ சொன்னது என்ன, எந்த மருந்து நின்னது, எத்தனை நாள். எல்லாம் உன் கையால எழுதி, கீழே பேரைப் போடு. ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. நீ எழுதி முடிக்கிற வரைக்கும் நான் இந்தப் பெஞ்ச்லதான் உட்கார்ந்திருக்கப் போறேன்.