கோயில் காளையின் காதில் உண்ணி

கோயில் விழாவுக்குத் தலைமை தாங்கும் திருமலைசாமி அவர்களே! தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காத பெரியோர்களே! சாணம் அள்ளிச் சலங்கை கட்டி, மாட்டைப் பிள்ளையாய் வளர்க்கும் தாய்மார்களே! மேடைக்குப் பின்னால் படுத்து அசைபோடும் கோயில் காளையே! அனைவருக்கும் இந்த ரங்கநாயகியின் வணக்கம்.

மன்னிப்புக் கேட்கத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். சாமி மாட்டுக்கு மருந்து பூசியது குற்றம்; நான் மன்னிப்புக் கேட்கும்வரை என் மாடுகள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கக் கூடாது. இதுதானே கட்டளை? சிங்காநல்லூர் மில் வாசலில் முதலாளியை நோக்கி முழங்கிப் பழகிய நாக்கு இது. உங்கள் முன்னால் குழையும் என்றா எதிர்பார்த்தீர்கள்?

சாமியாத்தாளை எல்லோருக்கும் தெரியும். அதோ, பந்தல் காலோரம் நிற்கிறார். பால் கறந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். இருந்ததோ ஒரே பசு. ஒரு நாள் மாலை கோயில் காளை அவருடைய மாட்டுக் கட்டுத்தரைக்குள் நுழைந்தது. விரட்டினாரா? விளக்கேற்றி வரவேற்றார்! "ஏனுங்கக்கா, சாமியே நம்ம ஊட்டுக்கு வந்துபோட்டாருங்க" என்று என்னிடம் ஓடிவந்து சொன்னார். பசுவின் பக்கத்திலேயே காளைக்கும் இடம் கொடுத்து, பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றினார்.

காளை போனது. அதன் காதில் கொத்துக் கொத்தாய்த் தொங்கிய உண்ணி போனதா? கொழுத்தது உதிர்ந்தது, சுவரிடுக்கில் முட்டையிட்டது, பொரித்த குஞ்செல்லாம் பசுவின் மேல் ஏறியது. பசுவுக்குக் காய்ச்சல் கண்டது. சிறுநீர் கருங்காப்பி நிறமானது. கண்ணேறு என்றீர்கள். நேர்த்திக்கடன் தவறியது என்றீர்கள். வேப்பிலை அடித்தீர்கள். பசு செத்தது. "அவ கைராசி அப்படிங்க" என்று செத்த பசுவின் பழியையும் சாமியாத்தாள் தலையிலேயே போட்டீர்கள்!

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "ஏனுங்கம்மா, இது உண்ணிக் காய்ச்சலுங்க. ஊர் மாட்டுக்கெல்லாம் உண்ணி புடுங்கிப்போட்டு, ஊடு ஊடாப் போற இந்தக் கோயில் காளை ஒண்ணை உட்டுப்போட்டா என்னங்க பிரயோசனம்?" என்றார்.

என்ன அங்கே சலசலப்பு? "சாமி மாட்டைத் தொடலாமுங்களா?" என்கிறாரா தம்பிதுரை? கேளுங்கள் தம்பி, நன்றாகக் கேளுங்கள்! தொடக் கூடாது என்று உண்ணியிடம் சொன்னீர்களா? உண்ணி ரத்தம் குடிக்கலாம், நான் குளிப்பாட்டக் கூடாதா? இது பக்தியா, பயமா?

தொட்டேன்! பட்டப்பகலில் தொட்டேன்! புண்ணாக்கு வைத்து, டாக்டர் கொடுத்த மருந்தைக் கரைத்து, காது மடலிலே, கழுத்து மடிப்பிலே, வாலடியிலே தேய்த்தேன். காளை கண்ணை மூடிக்கொண்டு சுகமாய் நின்றது. காளைக்குச் சம்மதம், கோயில் கமிட்டிக்குத்தான் சம்மதமில்லை!

மாட்டோடு போகிற சங்கதி என்றும் இருந்துவிடாதீர்கள். மைசூர்க் காட்டோரம் உண்ணி கடித்து மனிதர்களே மாண்டதைப் பேப்பரில் படித்தோம். அந்த நோய் இங்கே இல்லை என்கிறார் டாக்டர். நல்லது. அது வந்து சேரும்வரை கைகட்டிக் காத்திருப்பதா?

சாமியாத்தாளுக்கு மிச்சம் செத்த பசு ஈன்ற ஒரு கிடாரிக் கன்று. அதையும் பறிகொடுத்துவிட்டு அந்தப் பெண் எங்கே போவாள்? கேட்க மாட்டேன்! மன்னிப்புக் கேட்கவே மாட்டேன்! முட்டையிலிருந்து புதுக் குஞ்சுகள் வந்துகொண்டே இருக்கும்; ஒருமுறை பூசினால் போதாது. நாளைக் காலை, இதே கோயில் வாசலில், இதே காளைக்கு மறுபடியும் மருந்து தேய்க்கப்போகிறேன். தடுக்க வருவோர் தாராளமாய் வரலாம். வெறுங்கையோடு மட்டும் வராதீர்கள். என் மாடுகளுக்கு மறுத்தீர்களே, அந்தத் தண்ணீரில் ஆளுக்கொரு குடம் கொண்டுவாருங்கள். காளையைக் கழுவ வேண்டும்!

அதோ, சாமியாத்தாள் கை தூக்குகிறார். என்னங்க அம்மணி?

"மொதக் கொடம் நாங் கொண்டாரனுங்கக்கா!"

கேட்டீர்களா தலைவர் அவர்களே? பழி சுமந்தவரே குடம் சுமக்கிறார். இரண்டாவது குடம் யாருடையது என்று நாளைக் காலை பார்த்துக்கொள்கிறேன். கூச்சல் போட்டவர்களுக்கும் கேட்டிருந்தவர்களுக்கும் நன்றி. வணக்கம்!