பாறையில் வைத்த கல்லுப்பு

பிள்ளைகளா, மதுரை மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஆட்டு மருந்துப் பையோடு இருந்த பெரியவர் பக்கத்து ஆளிடம் கேட்டார்:

"மாப்ள, வரையாட்டுக்கு ஊசி போட முடியுமா?"

வரையாடு மலை உச்சிப் பாறைகளில் வாழும் காட்டு ஆடு. யாரும் வளர்ப்பதில்லை.

"ஏன் மாமா, பிடிச்சுக் கட்டப் போறீகளா?"

"கேலி பண்ணாத. மலையில மேய்க்கயில நம்ம ஆட்டுக்குப் பாறையில கல்லுப்பு வச்சேன். வரையாடுக குட்டியோட வந்து அதே உப்ப நக்குச்சுக. அழகா இருக்கேன்னு வெரட்டாம நின்னேன். இப்ப நம்ம ஆடெல்லாம் வாய்ப்புண்ணுல கெடக்கு."

"அது காட்டு ஆடு மாமா. நம்ம ஆட்டு நோய் அதுக்கு ஒட்டாது."

"ஒட்டும்னு மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லிட்டாரு."

"இப்பத்தான் அதுக அம்புட்டுக் குட்டி போட்டிருக்குன்னு பாரஸ்ட் வாட்சர் சந்தோசப்பட்டாரு."

"அதான்டா, அந்தக் குட்டிகளுக்கும் ஒட்டியிருந்தா என்ன செய்யுறது?"

"அவருகிட்டச் சொன்னா நம்மள மலைப்பக்கமே விட மாட்டாக."

பஸ் திருமங்கலம் தாண்டியது. பிறகு பெரியவர் சொன்னார்:

"எறங்குனதும் நேரா வாட்சர் வீட்டுக்குப் போறேன். நீ வாரியா?"

"வாரேன் மாமா. ஆனா நீங்கதான் பேசணும்."