பச்சை வாடை

— உடனே முழுங்காதீங்க, மெல்லுங்க. எப்படி இருக்கு?

— நேத்துக் கொண்டுவந்தது ரப்பர் செருப்பு. இது தேவலாம்மா, பல்லு இறங்குது. இதோ பாரு, பிச்சா நீளவாக்குல நார் நாரா வருது. உங்க லேப்புல என்ன மாயம் பண்ணினீங்க?

— மாயமாவது மண்ணாவது. சோயா மாவு மெஷின்ல வெந்து கூழாத்தான் வரும். அப்படியே வெளிய விட்டா பஞ்சு மாதிரி உப்பிடும். இன்னைக்குக் குழாய்க்குள்ளயே ஆறவிட்டுத் தள்ளினோம், இழை விழுந்திருக்கு. காலைலேருந்து நின்னு நின்னு நானும்தான் விழப்போறேன்.

— அட விடும்மா, உக்காரு. தண்ணியும் நல்லா பிடிச்சிருக்கு, அமுக்கினா சாறு சொட்டுது. கறின்னு சொல்லிப் போட்டா எவனும் கண்டுபிடிக்க மாட்டான். இன்னொரு துண்டு வை.

— இன்னொண்ணா? என்னங்க, நெசமாவே உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?

— என்ன தெரியணும்?

— விலை குறையணும்னு மட்டமான மாவா வாங்கிட்டாங்க. ஒரே பச்சை வாடை. ருசி பாக்கிறவங்க அத்தனை பேரும் வாயில வெச்ச வேகத்துல துப்பிட்டாங்க. நீங்களும் துப்புவீங்கன்னுதான் கிண்ணத்தைப் பக்கத்துல வெச்சேன்.

— அது... பசிம்மா. பசிக்கு எல்லாம் இறங்கும்.

— சும்மா சொல்லாதீங்க. ஒரு ஃபேக்டரிக்கே சமைச்சுப் போடற கேன்டீன்காரர் நீங்க. கொதி வாசனையிலேயே உப்புக் கம்மின்னு சொல்ற ஆளு. இங்க பாருங்க, என் கையை மோந்து பாருங்க. என்ன வாசனை?

— ...சோப்பு.

— பூண்டு. இப்பத்தான் உரிச்சேன்.

— எனக்கு எந்த வாசனையும் தெரியறதில்லம்மா.

— எப்பலேருந்து இப்படி?

— படுத்த படுக்கையா கிடந்தேனே, அந்தக் காய்ச்சல்லேருந்து. வந்துடும் வந்துடும்னு இருந்தேன். வரல.

— அப்ப கேன்டீன்ல எப்படிச் சமாளிக்கறீங்க?

— கைப்பழக்கம்தான். உப்பு, காரம் எல்லாம் கையே போட்டுடுது, யாரும் குறை சொல்லல. கறி விஷயத்துலதான் பயம். முந்தாநாள் வந்தது கெட்டுப்போன கறி. நான் பாட்டுக்கு அடுப்புல ஏத்திட்டேன். பாத்திரம் கழுவுற அக்கா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடி வந்தாங்க, தப்பிச்சோம். அவங்க மட்டும் அன்னைக்கு லீவு போட்டிருந்தா...

— கடவுளே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

— சொல்லி? நீயே செத்துச் சுண்ணாம்பா வீடு வந்து சேர்றே. இதை வேற தூக்கி உன் தலையில வைக்கவா?

— தினமும் நான் கொண்டுவர்ற கண்றாவியை முகம் சுளிக்காம சாப்பிடறாரே மனுஷன், எல்லாம் நம்ம மேல உள்ள பாசம்னு பூரிச்சுப் போயிருந்தேன்.

— பாசமும்தான். ஆனா ஏம்மா, இதைக் காயவெச்சு மூட்டை கட்டலாமா? காய்ஞ்ச சாமான் சீக்கிரம் கெடாது, மோந்து பாக்கவும் வேண்டாம், கேன்டீன்ல கறிக்குப் பதிலா இதையே போட்டுடுவேன். அந்த வாடையைப் போக்கிச் சட்டுனு முடிச்சுக் கொடும்மா. இன்னும் கொஞ்ச நாள் நான் சமையல்காரனாவே இருந்துட்டுப் போறேன்.