திருத்தணி மேட்டுக்குச் சின்னச் சக்கரம்

கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கு எதிரே ஒரு புருஷனும் பெண்டாட்டியும். கம்பெனிச் சட்டை போட்டிருந்த புருஷன் சொன்னதில்தான் என் தூக்கம் கலைந்தது.

"முருகன் இன்னா, சக்கரத்துல பல்லு எண்ணிக்கினா உக்காந்துனு இருக்காரு?"

"பொண்ணு பாஸானா கால் ஊனாம திருத்தணி மலைக்கு சைக்கிள் மிதிக்கிறேன்னு வேண்டிக்கின. போன வாட்டி பாதியிலேயே எறங்கிட்ட. இப்போ பெடல்கிட்ட இருக்கிற பல்சக்கரத்த சின்னதா மாத்திக்கினு வந்து நிக்கிற. இது ஏமாத்து இல்லியா?"

"கால் ஊனாமன்னுதான் சொன்னேன். எந்தச் சக்கரம்னு சொன்னனா? சின்னதுன்னா மேட்டுல லேசா மிதிக்கலாம். அவரு மயில்ல போறவரு, மேடு ஏர்ற பேஜாரு அவருக்கு இன்னா தெரியும்?"

அந்தம்மா அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்போ வேண்டிக்கினபடியே செய்வ?"

"ஒரு வார்த்தை மாறாது."

"சம்சாரத்த ஏத்திக்கினு வர்றேன்னு சொன்னியேய்யா. நான் பக்கத்துலதான நின்னுனு இருந்தேன்."

 புருஷன் பெண்டாட்டியைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார்.

"இத விடச் சின்னச் சக்கரம் கெடைக்குதான்னு கேட்டுப் பாக்கணும்."