பாடி மேம்பாலத்துச் சாய்வு

கிருபாகரன்: சாய்வு திரும்பவும் ரெண்டா? மைனஸ் ரெண்டு வரணும்மே!

ஆக்னஸ்: மைனஸ் எங்கேந்து வந்துச்சு? ஏழுலேந்து மைனஸ் ஒண்ணு போனா எட்டு. ஆறுலேந்து ரெண்டு போனா நாலு. எட்ட நாலால வகுத்தா ரெண்டு. பேசாம சோத்தத் துண்ணுங்க.

கிருபாகரன்: ஒரு புள்ளி ரெண்டு, ஏழு. இன்னொண்ணு ஆறு, மைனஸ் ஒண்ணு. மேல மொதப் புள்ளிலேந்து கழிச்சிட்ட. கீழ மட்டும் ரெண்டாவதுலேந்து கழிக்கிற. அது எப்டி?

ஆக்னஸ்: பெருசுலேந்துதான சின்னதக் கழிப்பாங்க?

கிருபாகரன்: சாய்வுல பெருசு சின்னதுல்லாம் கெடையாது. இப்ப பாடி மேம்பாலம் கீதுல்ல...

ஆக்னஸ்: ஐய, கணக்குக்கு நடுவுல மேம்பாலமா?

கிருபாகரன்: கேளுமே! ஏறுனா ப்ளஸ்ஸு, எறங்குனா மைனஸ்ஸு. உன் கோடு ஏழுலேந்து மைனஸ் ஒண்ணுக்கு எறங்கிகினு கீது.

ஆக்னஸ்: நான் அந்தாண்டேந்து திரும்பி வர்றேன். அப்ப ஏறுதுல்ல?

கிருபாகரன்: வாயேன். மேல எட்டு. கீழ ரெண்டுலேந்து ஆறு போவுது, மைனஸ் நாலு. அப்பவும் மைனஸ் ரெண்டுதான். எந்தப் பக்கத்துலேந்து வேணா கெளம்பு. ஆனா மேலயும் கீழயும் ஒரே பக்கத்துலேந்து கெளம்பு.

ஆக்னஸ்: ஓ... அதான் எல்லாக் கணக்கும் தப்பாவே வந்துகினு இருந்துச்சா...

கிருபாகரன்: எல்லாமா? மாடியூட்டு சுவேதாவுக்கு ஒரே ஒரு கணக்குன்ன?

ஆக்னஸ்: அ... அவளுக்குத்தான். வீட்டுப்பாடம்.

கிருபாகரன்: அது எட்டாவது படிக்குதுமே. இது பத்தாவது, அஞ்சாம் பாடம்.

ஆக்னஸ்: அஞ்சாம் பாடமா? உங்களுக்கு எப்டித் தெரியும்?

கிருபாகரன்: நான் பத்தாவது பாஸு! பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கப்பா சொன்னாருல்ல?

ஆக்னஸ்: சொன்னாரு, சொன்னாரு. ஆனா இது புதுப் புக்கு. நீங்க படிக்கிறப்போ இது வரவே இல்ல.

கிருபாகரன்: ...கொழம்பு ஊத்து.

ஆக்னஸ்: ஞாயித்துக்கெழமையானா கம்பெனில ஓவர்டைமுன்னு போறீங்களே... ஓவர்டைமா, டியூஷனா?

கிருபாகரன்: நீ மட்டும் வாரா வாரம் திருவேற்காட்டுக்கு, அக்கா ஊட்டுக்குப் போவல?

ஆக்னஸ்: பேச்ச மாத்தாதீங்க.

கிருபாகரன்: ...சிரிக்கக் கூடாது.

ஆக்னஸ்: சிரிக்கல.

கிருபாகரன்: தோளு குலுங்குது பாரு!

ஆக்னஸ்: இருமலு. நீங்க சொல்லுங்க.

கிருபாகரன்: அப்போ கணக்குல மட்டும் பெயிலாப் பூட்ச்சு... சூப்பர்வைசர் ஆக்குறேன்றாங்க, பத்தாவது சர்ட்டிபிகேட் கேக்குறாங்க. நாளைக்குக் காலைல பூந்தமல்லி ஸ்கூல்ல பரீட்ச. இதுவும் ஊத்திக்கிச்சுன்னா உன் மூஞ்சில எப்டி முழிப்பேன், சொல்லு? நீ ஒரே தடவைல பாஸ் பண்ணவ. உங்கம்மா அன்னிக்கு எவ்ளோ பெருமையா சொன்னாங்க...

ஆக்னஸ்: எங்கம்மாவும் உங்கப்பா மாதிரிதாங்க. காலைல பைக்குல என்னையும் ஏத்திக்கோங்க... எனுக்கும் பரீட்சைக்கு அதே ஸ்கூல்தான் போட்டுகிறாங்க.